அலிபிரியும் அடைப்புக்குறியும்

அலிபிரியில் படியேறினால் மேலே காத்திருப்பது பெருமாள் மட்டுமில்லை. கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளும்தான். கி.பி. 966ல் பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி செய்து தந்து, நிலமும் விட்ட கணக்கு அங்கே இருக்கிறது.

கல்வெட்டில் புள்ளி அரிது, பத்தி கிடையாது. 1890ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியைப் பதிப்பித்த ஹுல்ட்ஸ் வரிகளுக்கு எண் போட்டார். சிதைந்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் வைத்தார். திருமலைக் கல்வெட்டுகளை 1930களில் தேவஸ்தானமே நூலாக்கியது.

இன்று வெட்டி ஒட்டுகையில் முதலில் உதிர்வது அந்த எண்ணும் குறியும்தான். பைத்தானில் ஓர் இடைவெளி பிசகினால் நிரல் நின்றுவிடும், தப்பு தெரிந்துவிடும். கல்வெட்டு நிற்காது, ஊகமும் கல்லின் வாக்காகிவிடும். லெட்ஜர் பார்த்தவன் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு அனுப்பும்போது குறியோடு அனுப்புங்கள்.