வாயில்

பழைய தொலைபேசிக் கம்பியை, அலுவலகத்துக்குள் இணையவழிப் பேசும் வலையோடு சேர்த்துவைக்கும் சிறு பெட்டிக்கு கேட்வே என்று பெயர். சித்தூரின் 08572, திருப்பதியின் 0877 என்று தொடங்கும் எண்களுக்கு வரும் அழைப்பைக் கம்பியிலிருந்து வாங்கி, குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, எண்களாக்கிச் சிறு பொட்டலங்களாக உள்ளே அனுப்புகிறது.

இதை நுழைவாயில் என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் 'நுழை' வேண்டாம், வாயில் போதும். இல்லத்தின் வாய், அதாவது இல்வாய். முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. இலக்கணப் போலிக்குப் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு. பேச்சில் அது வாசல், கன்னடத்தில் பாகிலு, தெலுங்கில் வாகிலி. மூன்று மொழியும் புழங்கும் சித்தூர்ப் பக்கத்தில் யாருக்கும் இது அந்நியச் சொல் அல்ல. திருமலைக் கோயிலின் பொற்கதவு வாயிலுக்கே பங்காரு வாகிலி என்றுதான் பெயர்.

இதைவிட அழகான பொருள் தொல்காப்பியத்தில் இருக்கிறது. தோழி, பாணன், விறலி முதலிய பன்னிருவரைக் கற்பியல் 'வாயில்கள்' என்கிறது. தலைவனுக்கும் ஊடிய தலைவிக்கும் நடுவே சொல்லைக் கொண்டுசேர்ப்பவர்கள் அவர்கள். கேட்வேயின் வேலையும் அதுதான். கம்பிக்குப் பொட்டலம் புரியாது, வலைக்குக் கம்பியின் மின்னோட்டம் புரியாது. ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியும்படி மாற்றி, இரு திசையிலும் கொண்டுசெல்கிறது அந்தப் பெட்டி.