வில் வேண்டும், காயம் வேண்டாம்: ஒரு டெனிஷ் ஓவியத்தை வாசித்தல்

கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் படம்.

இருட்டான பின்னணியில் ஆடையில்லாத ஒரு மனிதன். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. ஆனால் அந்த உடம்பு நிமிர்ந்து நிற்கவில்லை. முறுகி, குறுகி, காயப்பட்ட காலைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி கிடக்கிறது. நீண்ட தலைமுடியைக் காற்று அள்ளி வீசுகிறது. முகம் வலியில் கோணியிருக்கிறது. ஓவியத்தின் அகலம் கிட்டத்தட்ட 175 சென்றிமீற்றர், உயரம் 123 சென்றிமீற்றர். அந்த இடம் முழுவதையும் இந்த ஒரே உடம்பு நிறைத்துவிடுகிறது. பக்கத்தில் ஒருவருமில்லை.

இதை வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கொலாய் அபில்கோர் (1743–1809). கொப்பன்ஹேகன் கலைக் கழகத்தின் உதவியோடு 1772இல் றோமுக்குப் படிக்கப் போனவர், அங்கிருந்தபோது 1775இல் இதை வரைந்தார். பெயர் ‘காயமுற்ற பிலொக்டெற்றிஸ்’. இப்போது கொப்பன்ஹேகனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. கலைக்கூடம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

சரி, யார் இந்த மனுசன்?

ட்ரோய் நகரத்தின்மீது படையெடுத்துப் போன கிரேக்க வீரர்களில் ஒருவன். அவனிடம் இருந்தது சாதாரண வில் இல்லை, ஹெராக்கிளிஸின் வில். ஹெராக்கிளிஸ் வேதனை தாங்க முடியாமல் சிதையில் ஏறியபோது அதற்குத் தீ மூட்ட முன்வந்தவன் பிலொக்டெற்றிஸ்தான். அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது அந்த வில். ட்ரோய்க்குப் போகிற வழியில் அவனைப் பாம்பு கடிக்கிறது. புண் ஆறவில்லை. நாற்றம் தாங்க முடியவில்லை, அவன் போடுகிற கூச்சலில் பலி பூசைகூடச் செய்ய முடியவில்லை என்று சொல்லி, அவன் நித்திரையாகக் கிடந்த நேரம் லெம்னொஸ் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். விட்டுவிட்டு வந்தவன் ஒடிசியஸ். உத்தரவு தலைவர்களுடையது.

பத்து வருசம் கழிகிறது. அந்த வில் இல்லாமல் ட்ரோய் விழாது என்று ஒரு குறிசொல்பவன் மூலம் தெரியவருகிறது. உடனே அவர்களுக்கு அவன் ஞாபகம் வருகிறது!

சொபொக்கிளிஸின் நாடகம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கி.மு. 409இல் ஏதென்ஸில் மேடையேறி முதல் பரிசு பெற்ற நாடகம் அது. அப்போது சொபொக்கிளிஸுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். ஏதென்ஸும் ஸ்பாட்டாவும் கி.மு. 431இல் தொடங்கிய போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. பார்க்க வந்திருந்தவர்களுக்குப் போர்க் காயம் என்பது பழைய கதையில் வருகிற ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இதே கதையை எஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் நாடகமாக எழுதியிருந்தார்கள். அவை இன்று முழுதாக இல்லை. சொபொக்கிளிஸ் செய்த முக்கியமான மாற்றம், லெம்னொஸை ஆளே இல்லாத தீவாக ஆக்கியது. மற்றது, அகிலீஸின் மகன் நியொப்டொலெமஸைக் கதைக்குள் கொண்டுவந்தது. ஒடிசியஸ் இந்த இளைஞனை முன்னுக்கு அனுப்புகிறான். பொய் சொல்லு, நம்பவை, வில்லை வாங்கு. அவ்வளவுதான் வேலை. இளைஞன் செய்கிறான். பிலொக்டெற்றிஸ் நம்புகிறான். வலி வந்து துடிக்கிற நேரம் வில்லை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு மயங்கிப்போகிறான். திட்டம் வென்றாயிற்று. ஆனால் அந்த வலியைக் கிட்ட நின்று கண்ணால் பார்த்த பிறகு, நியொப்டொலெமஸால் வில்லோடு போக முடியவில்லை. திருப்பிக் கொடுக்கிறான்.

இனி றோமுக்கு வருவோம். அபில்கோர் தூரிகை எடுத்த காலத்தில் இந்த வலியைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. 1755இல் ஜேர்மன் கலை வரலாற்றாளர் விங்கெல்மன், கிரேக்கக் கலையின் உயர்வே அதன் அமைதிதான் என்று எழுதினார். வத்திக்கானில் உள்ள லவொக்கூன் சிலையைப் பாருங்கள், பாம்புகள் சுற்றி நெரிக்கும்போதும் அவன் அலறவில்லை, பிலொக்டெற்றிஸைப் போலத் தாங்குகிறான் என்பது அவர் கருத்து. 1766இல் லெஸ்ஸிங் இதை மறுத்தார். பிலொக்டெற்றிஸ் எங்கே பேசாமல் இருந்தான்? நாடகம் முழுக்க அலறுகிறானே! மேடையில் அலறல் வந்து போய்விடும். கல்லிலும் வண்ணத்திலும் அது உறைந்து நின்று அருவருப்பாகிவிடும், அதனால்தான் சிற்பி அதை அடக்கினான் என்றார் லெஸ்ஸிங்.

இரண்டு பேரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஓவியத்தில் வலி அடக்கமாக இருக்க வேண்டும், பார்ப்பவருக்குத் தொந்தரவு தரக்கூடாது.

அபில்கோரின் ஓவியம் இதற்குக் கட்டுப்படவில்லை. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதல்ல விசயம். முதுகு, தோள், தொடை, கால்விரல் எல்லாமே அலறுகின்றன. முடியும் காற்றும்கூட அந்த அலறலுக்குள் இருக்கின்றன.

அதைவிட ஆழமாக இன்னொன்று செய்திருக்கிறார். இந்த உடம்புக்கு அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளில் ஒன்று, வத்திக்கானில் இருக்கும் ‘பெல்வெடேர்’ முண்டச் சிலை. தலை இல்லை, கை இல்லை, முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. தசை முறுக்கேறிய ஓர் உடல் மட்டும். மைக்கலாஞ்சலோ கொண்டாடிய சிலை. அன்றைக்கு அதை எல்லோரும் ஹெராக்கிளிஸ் என்றுதான் நம்பினார்கள். பாடுகள் எல்லாம் முடிந்து, தெய்வமாகி ஓய்ந்திருக்கும் ஹெராக்கிளிஸ் என்று விங்கெல்மன் அதை வர்ணித்தார்.

அதாவது, வில்லைக் கொடுத்தவனின் உடம்பையே வில்லை வாங்கியவனுக்குக் கொடுத்திருக்கிறார் ஓவியர். நொந்துபோன, மெலிந்த ஒரு நோயாளியை வரைந்திருந்தால் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். இங்கே அது முடியாது. வீரத்தின் உடம்பும் வலியின் உடம்பும் ஒன்றேதான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தீவில் விட்டுவிட்டு வர ஏலாது. கிரேக்கத் தலைவர்கள் செய்யப் பார்த்தது அதைத்தான்: வில் வேண்டும், காயம் வேண்டாம்.

போருக்குப் பிறகு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வீரத்தைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு, காயத்தோடு இன்றைக்கும் வாழ்கிறவர்களைப் பற்றி நாம் கதைப்பதில்லை. இது எல்லாச் சமூகத்துக்கும் பொருந்தும். வட அயர்லாந்தின் வன்முறை ஓயாத 1990இல், கவிஞர் சேமஸ் ஹீனி இதே நாடகத்தைத் தன் மொழியில் மறுஆக்கம் செய்து டெரி நகரத்தில் மேடையேற்றக் கொடுத்தது சும்மா இல்லை.

நாடகத்தின் முடிவில் ஹெராக்கிளிஸ் வானத்திலிருந்து தோன்றி, ட்ரோய்க்குப் போ, உன் புண்ணும் ஆறும் என்கிறார். அபில்கோர் அந்த முடிவை வரையவில்லை. ஒடிசியஸை வரையவில்லை. நியொப்டொலெமஸையும் வரையவில்லை. இந்த வெறுமையைத்தான் நாங்கள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். தீவில் அவனுக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள் படத்துக்குள் இல்லை. அந்த இடத்தில் இப்போது நிற்பது படத்தைப் பார்க்கிற நாம்தான்.

அங்கே நின்று முதலில் எதைப் பார்க்கிறோம், வில்லையா காலையா? நியொப்டொலெமஸும் வில்லைப் பார்க்கத்தான் வந்தான். அவன் மனம் மாறியது ஒரு நியாயத்தைக் கேட்டல்ல. ஓடிப்போகாமல் அந்த வலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றதால்தான்.