159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் காது கேட்டுச்சு

1/ ஒரகடம் பக்கத்துல வல்லம் வடகால் சிப்காட்ல 18,720 பெண்கள் தங்குற விடுதி இருக்கு. செலவு 706.50 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 17-ல முதல்வர் திறந்து வைத்தார். அதுக்கு முன்னாடி நடந்த ஒரு கதை இருக்கு.

2/ 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில வேலை பார்த்த பெண்கள் வெளியில இருந்த விடுதிகள்ல நெருக்கியடிச்சு தங்கியிருந்தாங்க. ஒரு விடுதியில சாப்பிட்ட உணவு ஒத்துக்காம 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க.

3/ போனவங்க எப்படி இருக்காங்கன்னு கூடத் தங்கினவங்களுக்குத் தெளிவான பதில் இல்லை. சிலர் இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவிச்சு. யாரும் இறக்கல. ஆனா 17-ம் தேதி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில மறியல் ஆரம்பிச்சாச்சு. போலீஸ் பல பெண்களைப் பிடிச்சுட்டுப் போச்சு.

4/ ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமா இல்லைன்னு ஒப்புக்கொண்ட ஆப்பிள், டிசம்பர் 29-ல அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியிலதான் மறுபடி திறந்தாங்க.

5/ புகார் சொல்ல வழியே இல்லையா? காகிதத்துல இருந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாதுன்னு ஆப்பிளோட சப்ளையர் விதிகள்லயே இருக்கு. ஆனா வேலை, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே கான்ட்ராக்டர் வழியா வர்ற ஒரு பொண்ணு, சாம்பார் சரியில்லைன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவா?

6/ சட்டம்? 2014-ல நிறைவேறின தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகாருக்கானது. அதுவே இன்னும் அமலுக்கு வரல. 2013 கம்பெனிகள் சட்டம் 177-வது பிரிவு, பட்டியலிட்ட நிறுவனங்கள்ல புகார் வழி வேணும்னு சொல்லுது. அதுலயும் இயக்குநர்கள், ஊழியர்கள்னுதான் இருக்கு. ஒப்பந்தத் தொழிலாளி என்ற சொல்லே இல்லை.

7/ டாக்டரா சொல்றேன்: ஒரே சமையலறையில சாப்பிட்ட ரெண்டு பேர் வாந்தின்னு வந்தாலே அது எச்சரிக்கை. அப்பவே சமையலறையைப் பார்த்தா மத்தவங்க தப்பிப்பாங்க. முதல் புகாருக்கு மதிப்பு அவ்வளவு.

8/ அதனால புகாரை வாங்குறவர் வார்டனோ கான்ட்ராக்டரோ இருக்கக் கூடாது. பேர் வெளிய போகக் கூடாது. என்ன செஞ்சோம்னு குறிச்ச தேதிக்குள்ள பதில் வரணும். யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனா, அன்னைக்கே அறைத்தோழிகளுக்குத் தகவல் போகணும்.

9/ 18,720 பேர் தங்குற இடத்துல ஒரு மாசம் புகாரே வரலைன்னா சந்தோஷப்படாதீங்க. தெர்மாமீட்டர் இல்லாத வார்டுல யாருக்கும் காய்ச்சல் பதிவாகாது.