மகமையும் ஊர்ப்பொதுவும்

மகமை என்பது வணிகர்கள் தங்கள் சரக்கின்மீது தாங்களே விதித்துக்கொண்ட வரி. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரத்திலும் எடுத்துவைத்த சிறு தொகை ஊர்ப்பொதுவில் சேர்ந்து கிணறாகவும் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய இந்த ஏற்பாட்டை நடத்தியது அரசாங்கம் அல்ல. சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களின் சபையான உறவின்முறைதான் அதை நடத்தியது.

1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் தெற்குத் திருநெல்வேலியின் பனங்காடுகளிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே வரத் தொடங்கினர். வழியில் கள்வர் பயம் இருந்தது. இரவில் வண்டியை அவிழ்த்துப்போட்டு, மாட்டைக் கட்டி, சரக்கைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்காகச் சுற்றுச்சுவரும் வாசற்கதவும் கிணறும் கொண்ட பேட்டைகள் எழுந்தன. பேட்டையில் தங்கியவர்களிடமும் அங்கே வியாபாரம் செய்தவர்களிடமும் மகமை வசூலானது. பேட்டையைக் காப்பதற்காகத் தொடங்கிய வசூல், நாளடைவில் ஊரின் பொதுத்தேவைகள் அனைத்துக்கும் நிதியாக வளர்ந்தது.

உறவின்முறையில் குடும்பத் தலைவர்கள் உறுப்பினர்கள். நிர்வாகப் பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடாமல் முறைவைத்து மாறியது; பொறுப்பில் இருப்பவர் முறைகாரர். வசூலும் செலவும் கூட்டத்தில் ஒப்புவிக்கப்பட வேண்டும். ஊருக்கு ஊர் வழக்கம் சற்று மாறினாலும், கையிருப்பு இவ்வளவு, முதலில் எந்த வேலை என்ற பேச்சு எல்லா ஊர்களுக்கும் பொது. தீர்மானத்தை மீறியவருக்கு அபராதம் உண்டு. அதற்கும் மசியாதவரை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள். கொடுமையான தண்டனைதான், ஆனால் வசூல் தவறாமல் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பதை ஊர்களின் அமைப்பே காட்டுகிறது. மேற்கே மலையடிவாரத்தை விட்டால் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலம். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதிலும் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆகவே பேட்டைக்கு அடுத்த செலவு தண்ணீருக்குத்தான் போனது. விருதுநகர் பஜாரை ஒட்டிய தெப்பக்குளம், பெய்யும் மழையைத் தேக்கிவைக்க வெட்டப்பட்டது. தெப்பத் திருவிழாவுக்கான குளம் என்று இன்று பெயர் நிலைத்திருந்தாலும், சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் ஊறச்செய்ததே ஊருக்கு அதனால் கிடைத்த பெரிய பயன். நெரிசலான கடைவீதியில் சதுர அடிக்கு விலை ஏறியபோதும் குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பவில்லை. தமிழகத்தின் எத்தனையோ நகரங்களில் பேருந்து நிலையங்கள் எந்தக் கண்மாயின்மேல் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இது சிறிய காரியம் அல்ல என்பது புரியும்.

மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876இல் வந்ததும் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) பஞ்சு, மிளகாய், பருத்திவிதை, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் சந்தையாகப் பெருகியது. மகமையும் பெருகியது. 1889இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி தொடங்கப்பட்டது. மகமை மட்டும் போதாமல் வீடுகளிலிருந்து பிடி அரிசியும் திரட்டினார்கள். அடுப்படியில் ஒரு கலயம் இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதில் விழும். சேர்ந்ததைப் பள்ளிக்காக வாங்கிப் போவார்கள். உறவின்முறைக் கூட்டத்தில் இடமில்லாத பெண்கள் இந்த ஏற்பாட்டில் செலுத்திய பங்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அவர்கள் பெயரில் ஏறவில்லை. அந்தப் பள்ளியில் படித்த காமராசர் பின்னாளில் முதலமைச்சராகி, 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். பங்குனிப் பொங்கலையொட்டி நடக்கும் பொருட்காட்சி இன்றைக்கும் அந்தப் பள்ளியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தாலேயே, கே.வி.எஸ். பொருட்காட்சி என்று அழைக்கப்படுகிறது. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும் இதே வழியில் வந்தது.

இந்தச் சபைகளைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பாதி உண்மை விடுபட்டுப்போகும். 'ஊர்ப்பொது' என்றபோது அதில் ஊர் முழுவதும் அடங்கவில்லை. ஒரு சாதியின் வணிகக் குடும்பங்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட அமைப்பு அது. அந்தச் சாதியே கோயிலுக்குள் நுழைய முடியாமல் போராடிக்கொண்டிருந்த காலம் அது: 1897இல் கமுதியில் எழுந்த கோயில் நுழைவு வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் தோல்வியில் முடிந்தது, 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது. பேட்டையின் சுவர் உயரமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது என்பது சரியே. ஆனாலும் அந்தச் சுவருக்கு வெளியே நின்ற கூலித் தொழிலாளிக்கும் தலித் மக்களுக்கும் எந்தக் கிணறு முதலில் வெட்டப்படும் என்பதில் எந்தக் குரலும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் விருதுநகரும் சிவகாசியும் நகராட்சிகளாயின. 1923இல் விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் ஆனது. குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் சட்டப்படி நகராட்சியின் பொறுப்பாயின. உறவின்முறைகள் கோயில், பள்ளி, கல்லூரி என்ற எல்லைக்குள் ஒதுங்கின. பிற்காலத்தில் விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணையிலிருந்தும், சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகவும் தண்ணீர் வந்தது. வரும் தண்ணீரைப் பற்றி ஆட்சிகள் கவலைப்பட்ட அளவுக்குப் போகும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படவில்லை: விருதுநகரின் சாக்கடை கௌசிகா நதியில் கலந்து குல்லூர்சந்தை அணையில் தேங்குவது பல ஆண்டுப் புகார்.

விருதுபட்டியின் பெயர் மாறிய அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பும், 1940இன் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளும், அவற்றின் லேபிளுக்காக அச்சகங்களும் வந்தன. மழை பொய்த்த பூமியின் வறண்ட காற்று மருந்து உலர்வதற்கு வாகாக இருந்தது. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் உற்பத்தியாவதாகச் சொல்லப்படுகிறது.

புதிய தொழில் புதிய சூழல் கேள்விகளைக் கொண்டுவந்தது. ஆனால் அவற்றில் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்யும் சபை இம்முறை ஊரில் இல்லை. மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்குமேல் கூடாது. அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும். இவற்றையெல்லாம் கண்காணிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் துறை. விதி மீறப்பட்ட இடங்களில் விலை உயிராக இருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். ஓசையின் அளவை 1999இல் மத்திய அரசு வகுத்தது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கத் தடை விதித்தது.

பெரிய அடி 2018 அக்டோபர் 23இல் விழுந்தது. டெல்லிக் குழந்தைகள் மூவரின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில், பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதிக்கப்பட்டது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட் பல பேன்சி ரகங்களுக்கும் மத்தாப்புக்கும் அடிப்படைச் சரக்கு. சரவெடி பின்னுவதோ பலருக்கு அன்றாடக் கூலி. ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. பசுமைப் பட்டாசுக்கான மாற்றுக் கலவையை வகுத்த நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமும் நாக்பூரில்தான் இருக்கிறது. சிவகாசியின் பெரிய ஆலைகளுக்கு உரிமமும் செய்முறையும் ஒரே ஊரிலிருந்து வருகின்றன. டெல்லியின் காற்றைக் காக்க நீதிமன்றம் தலையிட்டது நியாயமே. ஆனால் மருந்து நெடியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளியின் காற்றைப் பற்றி அவ்வளவு நீளமான விவாதம் எங்கும் நடக்கவில்லை.

ஊர் மக்கள் ஊதியமின்றிக் கூடிச் சூழல் பணிகளை வரிசைப்படுத்தும் வழக்கத்துக்கு வேறு நாடுகளில் சட்டமே உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1957இல் ஊர்தோறும் இயற்கைப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2022இல்தான் அதற்கு நெருக்கமானவை வந்தன. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கங்கள் ஆட்சியர் தலைமையில் அமைக்கப்பட்டன. அவ்வாண்டே நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபை விதிகளும் வெளியாகி, நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. 2021இல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியான சிவகாசிக்கும் அந்த விதிகள் பொருந்தும். பெண்களும் எல்லாச் சாதியினரும் உட்கார்ந்து பேசலாம் என்பதில் பகுதி சபைகள் உறவின்முறையைவிட மேலானவை. ஆனால் மூட்டைக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தானே செலவிட்ட அந்தச் சபைக்கு இருந்த பணபலம் இவற்றுக்கு இல்லை. பகுதி சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. அதன் முன்னுரிமைப் பட்டியல் மாநகராட்சியின் நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.