மலாக்காவைக் காத்த அறிக்கை

1795ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் நடந்தன. டச்சுக்காரர் வசமிருந்த மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இலண்டனில், வறுமையால் நலிந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் 14ஆம் வயதில் பள்ளியை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் எழுத்தனாகச் சேர்ந்தான். நம் நாட்டு வழக்கில் சொன்னால் கிராணி வேலை. அவனே பின்னாளில் சிங்கப்பூரின் வரலாற்றில் இடம்பெற்ற ஸ்டாம்போர்டு ராபிள்ஸ்.

அறிக்கை எழுதுவது எப்படி என்று அவனுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. பிறர் எழுதியவற்றைப் படியெடுப்பதே அவனுக்குப் பாடமாயிற்று. கம்பெனியோ கடிதங்களாலேயே ஆட்சி நடத்திய அமைப்பு. கீழைநாட்டிலிருந்து புறப்பட்ட கடிதம் இலண்டன் சேர ஏறத்தாழ அரையாண்டு ஆகும். மறுமொழி வர மேலும் அவ்வளவு காலம் செல்லும். "இதற்கு என்ன பொருள்?" என்று திருப்பிக் கேட்க வழியில்லை. ஆகவே, ஒவ்வொரு பத்திக்கும் எண்ணிட்டு எழுதினர். விடையும் அந்தப் பத்தி எண்ணைச் சுட்டியே வந்தது. எழுதியவன் அருகில் இல்லாதபோதும் எழுத்து தானே நின்று பேசவேண்டும் என்னும் பயிற்சியை அந்த மேசை பத்தாண்டுகள் அளித்தது. இன்றைய அலுவலகப் பயிற்சிகள் பலவற்றினும் அது கடுமையானது என்பதில் ஐயமில்லை.

1805இல் பினாங்கு தனி மாகாணமாக உயர்த்தப்பட்டபோது ராபிள்ஸ் அங்குத் துணைச் செயலாளராக அனுப்பப்பட்டார். கப்பற் பயணத்திலேயே மலாய்மொழி கற்கத் தொடங்கிவிட்டார்.

அந்நாளில் மலாக்காவுக்கு ஒரு கேடு சூழ்ந்திருந்தது. அந்நகர் என்றேனும் டச்சுக்காரரிடம் திரும்பினால் பினாங்கின் வாணிகத்திற்குப் போட்டியாகும் என்று கம்பெனி அஞ்சியது. கோட்டையை இடித்து, மக்களைப் பினாங்குக்குக் குடிபெயர்ப்பது என முடிவாயிற்று. 1807இல் போர்த்துக்கீசியர் கட்டிய பழங்கோட்டை வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. அதைச் சிறுவயதில் கண்ட முன்ஷி அப்துல்லா பின்னர்த் தம் வரலாற்று நூலில் விரிவாக எழுதிவைத்தார்.

1808இல் உடல்நலம் தேறும்பொருட்டு மலாக்கா சென்ற ராபிள்ஸ், ஓய்வு கொள்வதற்கு மாறாகச் செய்தி திரட்டினார். அதன் விளைவே பினாங்கு அரசுக்கு அவர் எழுதிய அறிக்கை. மலாக்காவிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கின்றனர். அவருள் முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோர் அம்மண்ணிலேயே பிறந்தோர். கப்பற் கட்டணத்தை அரசே ஏற்பதாகச் சொல்லியும் ஒருவர்கூடப் புறப்பட இசையவில்லை என்று அதில் குறித்தார். குடிமக்கள் படும் துயரை மட்டும் உரைத்திருந்தால், செலவுக் கணக்கையே புரட்டிக்கொண்டிருந்தோர் செவியில் அது ஏறியிராது. ஊரின் வருவாய் அதன் செலவை ஏறக்குறைய ஈடுசெய்கிறது என்றும், கம்பெனி கைவிட்டால் வேறொரு வல்லரசு அங்கு வந்து அமரும் என்றும் அவர் சேர்த்து எழுதினார். படிப்போர் எதற்கு அஞ்சினரோ அந்த அச்சத்தையே தம் வாதத்திற்குத் துணையாக்கிக்கொண்ட திறம் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

குடிபெயர்க்கும் திட்டம் கைவிடப்பட்டது. கோட்டையில் பெரும்பகுதி அதற்குள் அழிந்துபோயிற்று. ஒரு வாயில் மட்டும் இன்றும் நிற்கிறது. இப்புகழ் முழுவதையும் ராபிள்ஸ் ஒருவருக்கே சூட்டுதல் முறையன்று. மலாக்காவை நிருவகித்த வில்லியம் பர்குவாரும் அந்நகரைக் கைவிடலாகாது என்று முன்னரே வற்புறுத்தியவர். ஆயினும் கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவின் கருத்தைக் கவர்ந்தது ராபிள்சின் எழுத்தே.

மிண்டோவின் முகவராக ராபிள்ஸ் மீண்டும் மலாக்கா வந்து, 1811ஆம் ஆண்டின் ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்தார். மலாய் அரசர்களுக்குக் கடிதங்கள் எழுதவும் ஏடுகளைப் படியெடுக்கவும் அவரிடம் எழுத்தர் பலர் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் மிக இளையவர்களில் ஒருவர் முன்ஷி அப்துல்லா. நாகூரில் குடியேறிய அராபியர் ஒருவரின் வழிவந்தவர். தமிழும் முறையாகப் பயின்றவர். அப்போது அவருக்கும் வயது ஏறத்தாழப் பதினான்குதான்.