அபிதான நூல்களும் பொதுவறிவும்

பல நூல்களினும் விரவிக் கிடக்கும் பொருள்களை ஓரிடத்தே தொகுத்துக் காண விழைதல் தமிழர்க்குப் புதுவதன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அடியார் திருப்பெயர்களைத் தொகுத்தருளினார். நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியில் வகுத்தருளினார். குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணமாக விரித்தருளினார். தொகை, வகை, விரி என்னும் இம்முறை சைவர் நன்கறிந்ததே. திவாகரம், பிங்கலந்தை முதலிய நிகண்டுகளும் தொகைப்பொருள்களைத் திரட்டித் தந்தன. ஆயினும், அவை மனப்பாடஞ் செய்தற்கேற்ற செய்யுள் நூல்கள். வேண்டிய பொருளை வேண்டியபொழுதே நாடியெடுத்தற்கு அகரவரிசை இன்றியமையாததாயிற்று.

அவ்வரிசையில் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் அபிதானகோசத்தை வெளியிட்டார். சென்னையில் தமிழ்ப் பண்டிதராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்து அபிதானசிந்தாமணியைத் தொகுத்தார். அத்துணைப் பெருநூலை அச்சேற்றுதல் தனியொருவர் பொருளால் இயலாதாக, மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர் துணைநிற்ப, 1910-இல் அது வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு அவர் மறைந்தபின் 1934-இல் வெளிவந்தது.

இவற்றின் பயன் பெரிது. தேவாரம் ஓதுவோன் தக்கன், சலந்தரன், பகீரதன் என்னும் பெயர்களை அடிதோறும் காண்கின்றான். பதிகம் கதையைக் குறிப்பால் உணர்த்திச் செல்லும். அபிதான நூலோ அதனை விளக்கிப் பாடற்பொருளைத் தெளிவிக்கும்.

எனினும், அதுவே முடிந்த முடிபாகாது. புராணந்தோறும் கதை வேறுபடும். வரலாறோ புதுச்சான்று கிடைக்குந்தோறும் திருந்தும். அப்பர் சுவாமிகளின் காலத்தையே நோக்குக. பல்லவ மன்னன் சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தானெனச் சேக்கிழார் கூறினார். அவன் இயற்பெயரைக் கூறிற்றிலர். திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டால் குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மன் விருதுப்பெயர் என விளங்கிற்று. அதனால் அப்பர் காலம் 7-ஆம் நூற்றாண்டெனத் துணியலாயிற்று. தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்துக் குகையிலும் அவன் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள. புராணமும் கல்வெட்டும் தம்முள் ஒத்தவழியே உண்மை வலியுறுகின்றது.

துறைதோறும் வல்லார் பலர் கூடி எழுதுதலின் இன்றியமையாமையும் இதனாற் பெறப்படும். அவ்வாறே, பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராயிருப்பத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் 10 தொகுதிகளாக வெளியிட்டது.

ஆதலின், களஞ்சியம் தொகையென்றும், மூலநூலும் கல்வெட்டும் விரியென்றும் கொள்க. தொகையளவில் நிற்பார் பெயரறிவார். விரிவரையிற் செல்வாரே பொருளறிவார்.