மட்டாஞ்சேரி அரண்மனை: பெயரும் அமைப்பும்

1. முன்னுரை

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உள்ள பழைய அரண்மனை 'டச்சு அரண்மனை' என்னும் பெயரால் பரவலாக வழங்கப்பெறுகிறது. ஆயின் அதனைக் கட்டியோர் டச்சுக்காரர் அல்லர். அதன் அடிப்படை அமைப்பும் டச்சு நாட்டுக்குரியதன்று. பெயர் மறைக்கும் வரலாற்றைக் கட்டடக்கலைச் சொற்கள் எவ்வாறு வெளிப்படுத்துகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கட்டட வரலாறு

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கீசியர் இவ்வரண்மனையைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு (ஆட்சி: 1537–1565) அளித்தனர். அருகிலிருந்த கோயிலொன்றைக் கொள்ளையிட்டதனால் எழுந்த மன்னரின் சினத்தைத் தணிக்கவே இதனை அளித்தனர் என்பர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் அரண்மனையைப் பழுதுபார்த்து விரிவுபடுத்தினர். இங்ஙனம் பழுதுபார்த்தோர் பெயர் நிலைபெற, கட்டியோர் பெயர் மறைந்தது.

3. அமைப்பும் சொற்களும்

3.1 நாலுகெட்டு: இரு தளங்கள் கொண்ட இவ்வரண்மனை கேரள மரபின் நாலுகெட்டு வகையைச் சார்ந்தது. நான்கு பகுதிகள் ஒரு நடுமுற்றத்தைச் சூழ்ந்துள்ளன. முற்றத்தில் கொச்சி அரச குலத்தின் காவல் தெய்வமான பழையன்னூர் பகவதிக்குக் கோயில் உண்டு. மலையாளக் 'கெட்டு' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் 'கட்டு' ஆகும். எனினும் பொருள் முற்றும் ஒன்றன்று. செட்டிநாட்டு வீடுகளில் 'இரண்டாம் கட்டு', 'மூன்றாம் கட்டு' என்பன ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பகுதிகள். நாலுகெட்டிலோ நான்கும் ஒரே முற்றத்தைச் சூழ்வன. ஆதலின் 'நான்கு கட்டு வீடு' எனப் பெயர்ப்பின் வேறோர் அமைப்பே படிப்போர் மனத்தில் தோன்றும்.

3.2 பள்ளியறை: இராமாயணச் சுவரோவியங்கள் விளங்கும் மன்னரின் படுக்கையறை 'பள்ளியறை' எனப்படும். இச்சொல் தமிழில் இன்று பெரிதும் கோயிலில் இறைவன் துயிலும் அறையையே குறிக்கும். மலையாளத்தில் 'பள்ளி' அரசர்க்குரிய பொருள்களின் முன் அடையாக வருவதுடன், பிற சமய வழிபாட்டிடங்களையும் குறிக்கும். அரண்மனையை அடுத்து 1568இல் எழுந்த யூதர் வழிபாட்டிடம் 'ஜூதப்பள்ளி' எனப்படுவது இதற்குச் சான்று.

3.3 ஐரோப்பியக் கூறுகள்: வளைவுகளின் வடிவிலும் அறைகளின் அளவு விகிதத்திலும் ஐரோப்பியச் செல்வாக்குப் புலனாகிறது. போர்த்துக்கீசியத் தொடர்பின் தடம் மொழியிலும் உண்டு. தமிழும் மலையாளமும் 'சன்னல்', 'சாவி' ஆகியவற்றை அம்மொழியிலிருந்தே பெற்றன. தளமோ உள்ளூர்த் தொழில்நுட்பத்தின் விளைவு. கருஞ் சலவைக்கல் போல் தோன்றும் அது எரித்த சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றின் கலவையால் அமைந்தது.

4. முடிவுரை

பொருளுதவி போர்த்துக்கீசியருடையது; அமைப்பு கேரளத்தது; பிற்காலத் திருத்தம் டச்சுக்காரருடையது. இவற்றுள் இறுதியானதை மட்டுமே வழக்குப்பெயர் சுட்டுகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் 'மட்டாஞ்சேரி அரண்மனை' என்பதைத் தலைப்பெயராகக் கொண்டு, 'டச்சு அரண்மனை' என்பதை வழக்குப்பெயராக உடன் குறிப்பதே பொருந்தும். 'நாலுகெட்டு' என்பதைப் பெயர்க்காது அவ்வாறே ஆண்டு, முதன்முறை வருமிடத்தில் விளக்கம் தருதல் வேண்டும். சொல்லைப் பெயர்க்குமுன் அது சுட்டும் பொருளின் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது என்பதை இவ்வரண்மனை உணர்த்துகிறது.